உடம்பு வைக்கிற குளிசையும் பத்துக் கிலோப் பாரும்

1. எழும்பாத கால்

1987 ஆவணியில் ஒரு சனிக்கிழமைக் காலை. கோப்பாயில் எங்கள் சனசமூக நிலையத்தின் பின்மண்டபத்தில் வசந்தா பாரம் தூக்குகிற இரும்புப் பாரைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தினாள். குந்தியவள் எழும்பவில்லை.

தோளில் இருந்தது வெறும் பார்தான், பத்துக் கிலோ. அந்த வருடம் சித்திரை வரை அதே பாரின் இரண்டு பக்கமும் பிளேற் தட்டுகள் போட்டு, முப்பது கிலோவோடு ஐந்து தரம் குந்தி எழும்பியவள் அவள். நான் பின்னால் நின்றபடியால் பாரைப் பிடித்து எடுத்துவிட்டேன். அவள் கைகளை முதலில் தொடையிலும் பிறகு நிலத்திலும் ஊன்றி, ஒரு பக்கமாகச் சரிந்துதான் எழும்பினாள்.

"கால் எனக்குச் சொல்வழி கேக்குதில்லை ரீச்சர்," என்றாள்.

முகத்தைப் பார்த்தால் நோயாளி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கன்னம் உருண்டு, நாடியின் கீழே சதை வைத்து, மினுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உடம்பு வைத்துவிட்டது என்று ஊர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. நாற்பத்தொரு கிலோவாக இருந்தவள் ஐம்பதைத் தாண்டியிருந்தாள். எனக்கோ அதுதான் விளங்கவில்லை. ஒழுங்காகப் பாரம் தூக்குகிற ஒருவருக்கு நிறை கூடினால் பலமும் கொஞ்சமாவது கூடும். நிறை ஏற ஏறப் பலம் இறங்குவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் அப்போது ஒரு பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியை. வயது முப்பத்து மூன்று. காலையில் பாடசாலைக்குப் போகுமுன்பும் சனிக்கிழமைகளிலும் ஊர்ப் பெண்களுக்குப் பாரம் தூக்கப் பழக்கினேன். இன்று தொலைபேசியில் படங்களைப் பார்த்துவிட்டு, "மூன்று மாதத்தில் இப்படி வரலாமா?" என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது வசந்தாவின் கதையைத்தான்.

2. இரும்பு கேட்டது

அந்தப் பாரும் பிளேற்றுகளும் ஆண்களுக்காக வாங்கப்பட்டவை. ஒரு காலத்தில் ஊர்ப் பொடியன்கள் பின்மண்டபத்தில் கண்ணாடி பூட்டி, மார்பை விரித்து விரித்துப் பார்ப்பார்கள். 1983க்குப் பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சிலர் வெளிநாடு போனார்கள், சிலர் எங்கே போனார்கள் என்று கேட்கக் கூடாத காலம். இரும்பு கறள் பிடித்துக் கிடந்தது. 1985இல் நான் போய் நிலையத் தலைவரிடம் கேட்டேன்.

"பொம்பிளையளுக்கு இரும்பு எதுக்குப் பிள்ளை? ஆம்பிளையள் மாதிரித் தோள் விரிஞ்சு போனால் ஆர் கட்டுறது?"

"ஆம்பிளையளுக்கே இஞ்சை விரியேல்லையே ஐயா," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கதவை உள்பக்கம் பூட்டிக்கொள்ள வேண்டும், காலை ஏழு மணிக்கு மேல் ஒருவரும் நிற்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனை வைத்துப் பூட்டின் திறப்பைத் தந்தார்.

முதல் தடங்கல் பிளேற்றில் வந்தது. அந்தச் செற்றில் ஆகச் சிறியது இரண்டரைக் கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரேயடியாக ஐந்து கிலோ ஏறிவிடும். கனத்த ஆணுக்கு அது ஒரு படி. சின்ன எலும்புள்ள பெண்ணுக்கோ மதில். மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட ஒரு லேத் பட்டறையில் சொல்லி, அரைக் கிலோ வளையங்கள் நாலு வெட்டுவித்தேன். "உது என்னத்துக்கு ரீச்சர், மெசினுக்கோ?" என்று பட்டறைக்காரர் கேட்டார். பெண்களுக்கு என்றேன். அவர் இரும்பை எடுத்து அளந்தார்.

என்னுடைய முறையில் வித்தை எதுவும் இல்லை. கிழமைக்கு மூன்று நாள். குந்தி எழும்புவது, நிலத்திலிருந்து தூக்குவது, தலைக்கு மேலே தள்ளுவது, குனிந்து நின்று இழுப்பது ஆகிய நாலும்தான். ஐந்து தரம் சுத்தமாகச் செய்தால் அடுத்த முறை பக்கத்துக்கு ஒரு வளையம். முதுகு வளைந்தால் வளையத்தைக் கழற்று. வீட்டில் இருக்கிற மீனோ முட்டையோ பயறோ கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடு. நேரத்துக்குப் படு. எங்களில் ஒருவரும் பிறவிப் பலசாலி இல்லை. அதனால் பிறவிப் பலசாலிகளின் கணக்கு எங்களுக்குச் சரிவராது என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தேன்.

3. சங்கக்கடை வசந்தா

வசந்தா கூட்டுறவுச் சங்கக்கடையில் விற்பனையாளர். என்னிலும் ஐந்து வயது இளையவள். தகப்பன் இல்லை, தாய் அன்னம்மா மாமியும் அவளும்தான். 1986 தொடக்கத்தில் அவள் வகுப்புக்கு வந்தது அழகுக்காக அல்ல. கடையில் கோதுமை மா மூட்டையை இழுக்க முடியாமல், ஒவ்வொரு தடவையும் றோட்டில் போகிறவர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. "கூப்பிட்டால் வருவினம் ரீச்சர். ஆனால் அந்த மூட்டையைப் பற்றி ஒரு கிழமைக்குக் கதைப்பினம்," என்றாள்.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். என் பெருவிரலும் நடுவிரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. "உம்மடை எலும்பு சின்னன் வசந்தா. நீர் உடம்பிலை பெருக்கமாட்டீர். பலம் வரும், மெதுவாய் வரும்," என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஓம் என்றாள். ஒரு வருடம் ஒரு வகுப்பும் விடாமல் வந்தாள். மா மூட்டையைத் தனியே இழுத்து மூலையில் நிமிர்த்தி வைத்த நாளன்று, கடையைப் பூட்டிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள்.

ஆனால் உடம்பு மெல்லிசாகவே இருந்தது. கலியாணம் பேசி வந்தவர்கள் இரண்டு இடத்தில் அதையே சொல்லித் தட்டிவிட்டார்கள். அன்னம்மா மாமி என்னை வழியில் மறித்தார்.

"இரும்பு தூக்கித் தூக்கி இருந்ததும் கரைஞ்சு போச்சுப் பிள்ளை."

"கரையேல்லை மாமி. அவள் முந்தி இருந்ததிலும் ஒரு கிலோ கூட."

"ஒரு கிலோவை ஆர் கண்டது? பாக்கிறவைக்குத் தெரிய வேணுமே!"

4. குளிசை

அந்தச் சனிக்கிழமை மற்றப் பெண்கள் போன பிறகு வசந்தாவை வாங்குப் பலகையில் இருத்திக் கேட்டேன். அவள் மண்டபக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அம்மா தாற குளிசை," என்றாள்.

மருதனார்மடத்தில் மருந்துக்கடை வைத்திருந்த நவரத்தினம் என்பவர் கொடுத்த மாத்திரை. முன்பு எங்கோ மருந்து கலக்குபவராக வேலை செய்தவர். கடையில் அதற்கு 'உடம்பு வைக்கிற குளிசை' என்றே பெயர். கலியாணம் பேசுகிற பெண் பிள்ளைகளுக்குத் தாய்மார் வாங்கிப் போவார்கள். வசந்தா அதைத் தை மாதத்திலிருந்து நாள் தவறாமல் விழுங்கியிருந்தாள். நான் ஏசுவேன் என்று பயந்து எனக்குச் சொல்லவில்லை.

அன்றே அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எங்களுக்குத் தெரிந்த டொக்டரிடம் போனேன். அவர் முகத்தைப் பார்த்தார், வயிற்றில் இருந்த சிவந்த கோடுகளைப் பார்த்தார், கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பச் சொன்னார். அவளால் முடியவில்லை.

"இது தொய்வு, இழுப்பு வருத்தக்காரருக்கும் மூட்டு வாதக்காரருக்கும் நாங்கள் அளந்து குடுக்கிற ஸ்டீரொயிட்," என்றார். "பசி கூடும். முகம் ஊதும். உள்ளுக்குத் தொடைத் தசையையும் எலும்பையும் அரிக்கும். நீங்கள் கண்டது சதை இல்லை, வீக்கம்."

பொடியன்கள் உடம்பு கட்ட ஏற்றுகிற ஊசியும் இதுதானோ என்று நான் கேட்டேன். அது வேறு வகை, தசையைப் பெருப்பிக்கும், வேறு இடத்தில் உடைக்கும் என்றார். இரண்டையும் ஸ்டீரொயிட் என்றே சொல்வதால் ஆட்கள் குழம்புகிறார்கள் என்றும் சொன்னார்.

வசந்தாவின் கண் நிறைந்துவிட்டது. "இண்டையோடை எறிஞ்சு போடுறன் டொக்டர்."

"அதுதான் செய்யக் கூடாது!" டொக்டர் மேசையில் கையால் தட்டினார். "கனநாள் வெளியிலயிருந்து குடுத்ததாலை, உம்மடை உடம்பு தான் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் நித்திரையாய்க் கிடக்கு. திடீரெண்டு நிப்பாட்டினால் உயிருக்கே மோசம். மாதக் கணக்கிலை, படிப்படியாய்த்தான் குறைக்க வேணும்."

எப்படிக் குறைப்பது என்று எழுதித் தந்தார். காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், சத்தி, வாந்தி எடுத்து மயங்கினால் உடனே தன்னிடம் கொண்டுவர வேண்டும் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் வசந்தா, "அப்ப உதை ஒழிக்கிறதுக்கும் உதையே விழுங்க வேணுமோ?" என்று கேட்டாள். எனக்கும் அது பிடிக்கவில்லை. வேறு வழியும் இல்லை.

5. ஐப்பசி

புரட்டாதி முழுக்க நன்றாகவே குறைத்துக்கொண்டு வந்தாள். ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. கோப்பாயில் இருக்க முடியவில்லை. உடுத்த உடுப்போடு ஓடிப்போய், அயலூர்ப் பிள்ளையார் கோயில் மடத்தில் இருந்தோம். நூற்றுக்கணக்கான சனம், ஒரு கிணறு. மூன்றாம் நாள் பலருக்கு வயிற்றோட்டம். வசந்தாவுக்கும் வந்தது.

குளிசை வீட்டு அலுமாரியில் இருந்தது. அந்தப் பக்கம் இராணுவம் ஒருவரையும் போக விடவில்லை. டொக்டர் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் விடிய வசந்தா குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்தாள். தூக்கி இருத்தினால் தலை சரிந்தது. கை குளிர்ந்து கிடந்தது. மடத்தில் எல்லாரும் வயிற்றோட்டக் களை என்றார்கள். எனக்கு டொக்டர் மேசையில் தட்டியதுதான் நினைவில் வந்தது.

"நவரத்தினத்தின்ரை வீடு உரும்பிராயிலை," என்றார் அன்னம்மா மாமி. "எனக்கு அந்த ஒழுங்கை வழி தெரியும். வாரும் போவம்."

ஊரடங்கைச் சிறிது நேரம் தளர்த்துகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. அது உண்மையோ என்று தெரியாமலே புறப்பட்டோம். மாமி ஒரு வெள்ளை வேட்டித் துண்டைத் தடியில் கட்டிப் பிடித்துக்கொண்டார். பெரிய றோட்டுக்கு ஏறாமல் தோட்டங்களுக்குள்ளால் நடந்தோம். வெங்காயப் பாத்திகளில் தண்ணீர் இல்லை. கட்டியிருந்த மாடுகள் கத்திக்கொண்டு நின்றன. மேலே ஹெலிகொப்டர் சுற்றும்போதெல்லாம் வாழைகளுக்குள் இருந்துவிட்டு எழும்பி நடந்தோம்.

வழியில் மாமி என்னைப் பார்க்காமல் கதைத்தார். "அவள் வேண்டாமெண்டுதான் சொன்னவள். நான்தான் தேத்தண்ணியோடை கையிலை வைச்சு, விழுங்குமட்டும் பக்கத்திலை நிண்டனான்." பிறகு, "முகம் நிரம்பினவுடனை எனக்கு எவ்வளவு சந்தோசமெண்டு தெரியுமே?" என்றார். "கெதியாய் நடவுங்கோ மாமி," என்று மட்டும் சொன்னேன்.

நவரத்தினம் வீட்டில்தான் இருந்தார். வளவுக்குள் வெட்டிய பங்கர்க் குழியிலிருந்து வெளியே வந்தார். நான் அவரை ஏசுவதற்குப் பல நாளாக மனத்தில் வைத்திருந்த சொற்களை ஒதுக்கிவைத்தேன். "வசந்தாவுக்கு அந்தக் குளிசை வேணும்," என்றேன்.

அவருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. "சத்தி எடுக்கிறாளோ? மயக்கமோ?"

"ஓம்."

கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பெட்டியைக் கிளறி மூன்று அட்டைகளை எடுத்தார். எத்தனை கரைத்துக் கொடுக்க வேண்டும், சத்தி எடுத்தால் எவ்வளவு நேரத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். கூடவே ஊசிமருந்து ஒன்றையும் தந்தார். "மடத்திலை ஒரு நேர்ஸ் பிள்ளையாவது நிக்கும், தேடிப் பாருங்கோ. ஊசியெண்டால் சத்தியிலை போகாது." பிறகு, "கெட்டது எண்டு நினைச்சுக் குடுக்கேல்லை ரீச்சர். எல்லாரும் கேட்டவை," என்றார்.

"கேட்டவைக்கு நீங்கள் சொல்லியிருக்க வேணும்," என்றேன்.

அவர் பெட்டியை மூடினார். அன்னம்மா மாமி குளிசைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினார். வந்த வழியே திரும்பினோம்.

மடத்தில் ஒரு நேர்ஸ் இருந்தார், சீருடையில் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊசியை அவர்தான் போட்டார். மத்தியானத்துக்குப் பிறகு வசந்தாவின் கை சூடேறத் தொடங்கியது. பொழுதுபடக் கொஞ்சம் கஞ்சி குடித்து, அதை வயிற்றில் வைத்திருந்தாள். அன்னம்மா மாமி கோயில் தூணில் சாய்ந்து இருந்து சத்தம் வராமல் அழுதார். என் வாழ்க்கையில் ஒரு மருந்தை அவ்வளவு வெறுத்ததும் இல்லை, அதற்காக அவ்வளவு தூரம் நடந்ததும் இல்லை.

6. மண்வெட்டிப் பிடி

வீடு திரும்பி, டொக்டரைத் தேடிப் பிடித்து, குறைக்கிற வேலையைத் திரும்பத் தொடங்கினோம். கடைசிக் குளிசையோடு அது முடிய அடுத்த வருடம் நடுப்பகுதி ஆகிவிட்டது. எலும்பு பலவீனப்பட்டிருக்கும், பாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள் என்றார் டொக்டர்.

வெறும் பாரே அவளுக்குக் கூடுதல் என்பதால், ஒரு மண்வெட்டிப் பிடியைக் கழற்றி அவள் தோளில் வைத்தேன். குந்துவதற்குக் கதிரை. இருந்து எழும்பினாலே போதும். முகம் வற்றி, நிறை நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் வகுப்புக்கு வந்த முதல் நாள் போல இருந்தாள். அது அவளுக்குக் கவலை தந்தது.

"ரெண்டு வருசம் வீணாய்ப் போச்சு ரீச்சர்."

"போகேல்லை. எப்பிடிக் குந்திறதெண்டு உமக்குத் தெரியும். முந்தி அதைப் பழக்க எனக்கு ஒரு மாதம் போனது."

உண்மையில் பழைய பலம் நான் நினைத்ததிலும் விரைவாகத் திரும்பியது. முன்பு ஒரு தடவை கட்டிய தசை, இரண்டாம் தடவை வழி தெரிந்ததுபோல வரும். ஆனால் அவசரப்பட விடவில்லை. கதிரை போய்க் குட்டி வாங்கு வந்தது, வாங்கு போய் நிலம் வந்தது, பிடி போய்ப் பார் வந்தது. 1990இல் மீண்டும் சண்டை தொடங்கிப் பொருட்தடை வந்த பிறகு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றுவிட்டன. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கையால் தண்ணீர் அள்ளினார்கள். வகுப்பில் இருந்த பெண்களிடம், தண்ணீர் அள்ளுகிற நாளில் இழுக்கிற பயிற்சியைக் குறைக்கச் சொன்னேன். உடம்புக்கு இரும்பும் வாளியும் ஒன்றுதான். சாப்பாடு குறைந்த மாதங்களில் வளையம் ஏற்றுவதையும் நிறுத்தினோம். இருக்கிற பலத்தைக் காத்தால் போதும் என்பது அந்த வருடங்களின் திட்டம்.

7. படம்

1991இல் தென்மராட்சியிலிருந்து வசந்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்னம்மா மாமி என்னையும் வந்து நிற்கச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் வசந்தாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். தரகர் கொடுத்த படம். 1987 ஆனியில் மாமி ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுப்பித்தது. கன்னம் இரண்டும் உருண்டு, சிரித்துக்கொண்டிருந்தாள். தரகர் கையில் அது இருந்தது மாமிக்கே மறந்துபோயிருந்தது.

"படத்திலை பிள்ளை நல்ல நிரப்பமாய்க் கிடக்கு. இப்ப சரியான மெல்லிசு. இடையிலை ஏதும் நோய் வருத்தம் வந்ததோ?"

அன்னம்மா மாமி என்னைப் பார்த்தார். நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உந்தப் படம் எடுக்கேக்கைதான் மாமி எனக்கு வருத்தம். இப்ப நல்ல சுகம். என்ரை உடம்பு இவ்வளவுதான்."

மாப்பிள்ளையின் தாய் படத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். தேத்தண்ணீர் குடித்தார்கள், விலைவாசியைப் பற்றிக் கதைத்தார்கள், போனார்கள். இரண்டு கிழமை கழித்துச் சரிவராது என்று தரகர் வந்து சொன்னார். அன்னம்மா மாமி, "சரி, படத்தைத் தாரும்," என்று கேட்டு வாங்கி அடுப்புக்குள் வைத்தார். வசந்தாவுக்குக் கலியாணம் ஆனது பிறகு, 1994இல், சங்கக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்க வந்த ஒருவரோடு.

8. நான் பழகியது

வசந்தாவுக்கு முன்னர், வகுப்புக்கு வருகிற பெண்களை முதல் நாள் தராசில் ஏற்றி நிறை பார்ப்பேன். பிறகு அதை விட்டுவிட்டேன். தராசு வீக்கத்தையும் சதையையும் ஒன்றாகவே காட்டியது. கண்ணாடியும் ஊரும் அப்படித்தான். பார் மட்டும் அப்படிக் காட்டவில்லை. போன மாதம் எழும்பியவள் இந்த மாதம் எழும்பவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது. உடனே கேட்க வேண்டும். மாதத்துக்கு ஒரு வளையம் ஏறினாலும் அது ஏற்றம்தான். சின்ன எலும்புக்காரிக்கு வருடம் கழித்து வருகிற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தை யாராவது ஒரு அட்டையிலோ போத்தலிலோ தந்தால், அது உடம்பின் எந்த இடத்திலிருந்து எடுத்துத் தருகிறது என்று டொக்டரிடம் கேளுங்கள். ஏற்கனவே விழுங்கத் தொடங்கியிருந்தால், கோபத்தில் எறிந்துவிடாதீர்கள். அதையும் டொக்டரிடம் கேட்டே நிறுத்துங்கள்.

சரிவராது என்று தரகர் வந்து சொன்னதற்கு அடுத்த காலை வசந்தா வழக்கம்போல வகுப்புக்கு வந்தாள். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. நிலத்திலிருந்து தூக்குகிற நாள் அது. அறுபது கிலோ போட்டிருந்தோம், அவள் அதுவரை தூக்காத பாரம். குனிந்து பிடித்து, முதுகை நேராக்கி, மூச்சை அடக்கித் தூக்கினாள். பார் முழங்காலில் ஒரு கணம் நின்றுவிட்டு ஏறியது. நிமிர்ந்து நின்றாள். மெதுவாக இறக்கி வைத்தாள். மற்றப் பெண்கள் கை தட்டினார்கள்.

"இன்னொருக்கால் பாப்பமோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் ரீச்சர், நாளையிண்டைக்குப் பாப்பம்," என்றாள் கையைத் துடைத்துக்கொண்டே. "இண்டைக்குக் கடைக்கு மண்ணெண்ணெய் வருதாம். சனம் இப்பவே வந்து நிண்டிருக்கும். நான் போய்த் திறக்க வேணும்."

சைக்கிளை உழக்கிக்கொண்டு போய்விட்டாள்.